பார்க்கின்சன் பராமரிப்பு: கொழும்பா, கண்டி கிளினிக்கா, வீட்டைச் சுற்றிய கூட்டா?

மலையகத்தில் ஒருவருக்குப் பார்க்கின்சன் (மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் குறைந்து, உடல் இறுகி அசைவு மெதுவாகும் நோய்) என்று தெரிந்தவுடன் உறவினர்கள் மூன்று யோசனைகளைச் சொல்வார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம் கொண்டுபோய் விடலாம். மாதந்தவறாமல் கண்டிக்குக் கூட்டிப்போய் நரம்பியல் நிபுணரிடமே காட்டலாம். அல்லது பக்கத்து ஆதார வைத்தியசாலையை நம்பி, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்தது கடைசி வழியை. நிபுணரை விட்டுவிடவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்கிறோம். மற்ற நாட்களுக்கான ஏற்பாடு நாங்கள் வசிக்கும் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறது.

கொழும்பில் வைத்தியர்களும் பரிசோதனைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது உண்மை. ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய அறையில் தனியே இருக்கும் ஒருவருக்கு அதனால் என்ன பயன்? நடமாட்டமும் பேச்சும் குறைந்தால் இந்த நோயின் இறுக்கம் கூடும். சிங்களம் தெரியாத அம்மாவுக்கு அங்கே பேச்சுத்துணையும் இல்லை. அந்த யோசனையை நாங்கள் சீக்கிரமே கைவிட்டோம்.

கண்டி வழியை அப்படி ஒதுக்க முடியாது. நோயை உறுதிசெய்யவும் மருந்தைத் தொடங்கவும் அளவை மாற்றவும் நிபுணர் வேண்டும். ஆனால் மாதாமாதம் போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் உட்காரவே மருந்து வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அதனால் நேரம் பார்த்து மாத்திரையைக் கொடுத்துத்தான் கூட்டிப்போவோம். வைத்தியர் பார்க்கும் சில நிமிடங்களில் அம்மா நன்றாக நடப்பார். விடிகாலையில் கட்டிலில் புரள முடியாமல் கிடந்ததும், மாலையில் வாசற்படியில் கால் நகராமல் தரையோடு ஒட்டிக்கொண்டதும் அந்த அறைக்கு வருவதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மாத்திரை நேரம்தான். இந்த நோய்க்கு முதன்மையான மருந்து, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா. அது மூளைக்குப் போகும் முன்பே வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவுடன் சேர்த்துத் தருகிறார்கள். இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்ப ஆண்டுகளில் மூளை அதைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும். ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்புத் திறன் குறைந்து, அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் பலன் தீர்ந்துவிடும். பதினொரு மணி மாத்திரை பதினொன்றரைக்குப் போனால் கால் அதைச் சொல்லிவிடும். வயிற்றில் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவு இருந்தாலும் மருந்து உடலில் சேர்வது தடைப்படும்; அரை மணி நேரம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. காலையில் ரொட்டியும் பருப்பும் சாப்பிடும் வீட்டில், முதல் மாத்திரை வெறும் தேநீரோடு அதற்கு முன்பே போயாக வேண்டும்.

இதைக் கண்டியிலிருந்து யாரும் செய்துதர முடியாது. நாங்கள் வேலைக்குப் போனபின் பகல் மாத்திரையைக் கொடுப்பவர் லயத்தின் அடுத்த காம்பிராவில் (அறையில்) இருக்கும் ஓய்வுபெற்ற அக்கா. மாலை மாத்திரை, பள்ளிக்கூடம் விட்டு வரும் அண்ணன் மகளின் பொறுப்பு. நேரங்களைத் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆதார வைத்தியசாலையின் பொது மருத்துவர் நிபுணர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து தருகிறார். எல்லாரையும் இணைப்பது ஒரே கொப்பி: மாத்திரை நேரம், சாப்பாடு, உடல் இறுகிய நேரம், விழுந்தது, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் அதில் இருக்கும். சென்ற முறை அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த நிபுணர் மொத்த அளவைக் கூட்டவில்லை. வேளைகளைப் பிரித்து இடைவெளியைக் குறைத்தார். மாலை நடை அதற்குப்பின் மாறியது. ஒருவருக்கென்றே அமைந்த சிகிச்சை எப்படி இருக்கும் என்பதை நான் கண்டது அங்கேதான்.

கொப்பியின் அட்டையில் சிவப்பு மையில் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடோல் என்று எழுதியிருக்கிறோம். வாந்திக்கும் மனக்குழப்பத்துக்கும் சாதாரணமாகக் கொடுக்கப்படும் இவை மூளையில் டோபமைனைத் தடுத்து நோயை மோசமாக்கக்கூடியவை. அவசரத்துக்கு எந்த வைத்தியசாலைக்கு ஓடினாலும் முதலில் நீட்டுவது அந்த அட்டையைத்தான்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தபடி, கால் ஒட்டிக்கொள்ளும் வாசலருகே ஓர் அடி இடைவெளியில் வெள்ளைப் பட்டிகளை ஒட்டினோம். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் நடை பிடிபடுகிறது. வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போகும் படிகளில் கைபிடிக் கம்பி போட்டோம்.

நெதர்லாந்தில் 2004இல் பார்க்கின்சன்நெட் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களும் இதே திசையில்தான் போனார்கள். அந்தந்தப் பகுதியில் சில சிகிச்சையாளர்களுக்கு இந்த நோயில் தனிப்பயிற்சி கொடுத்து, நோயாளிகளை அவர்களிடமே அனுப்பினார்கள். மலையகத்தில் மாவட்டத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்டும் ஒரு தாதியும் அப்படிப் பயிற்சி பெற்றால், எங்கள் வீடு தட்டுத்தடுமாறிச் சேர்த்ததை மற்ற வீடுகள் முதல் நாளிலேயே பெறும்.

வீட்டு வழியின் பெரிய சுமை மருந்து இருப்பு. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவால் பாதைகள் மூடப்பட்டன. மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரத்துக்கான மாத்திரையை எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறோம். பெட்டி மாறும்போது அளவையும் பார்க்க வேண்டும்: 25/100 (கார்பிடோபா 25, லெவோடோபா 100 மில்லிகிராம்) இருக்கும் இடத்தில் 25/250 வந்தால் லெவோடோபா இரண்டரை மடங்காகிவிடும்.

அம்மாவின் நோய் இப்போது நடுக்கட்டத்தில் இருக்கிறது. என் அனுபவம் அதுவரைக்கும்தான். இல்லாத உருவங்கள் தெரிவது, விழுங்கும்போது புரையேறுவது, உடல் தன்னால் நெளிவது, அடிக்கடி விழுவது என்று தொடங்கினால் ஆறு மாதத் தவணைக்குக் காத்திருக்காமல் கண்டிக்குப் போய்விட வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டால் பகலில் ஓர் அக்காவின் உதவி போதாது. அந்தக் கட்டத்தில் கொழும்பு யோசனையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.