பெய்ஜிங்கில் ஒரே ஒரு குளிர்கால நாள்: தடை நகரமா, சொர்க்கக் கோயிலா, கோடை அரண்மனையா?

அலுவலக வேலைக்கு நடுவிலோ விமானம் மாறும் இடைவெளியிலோ பெய்ஜிங்கில் ஒரு நாள் கையில் கிடைத்தால் எங்கே போவது? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில் "தடை செய்யப்பட்ட நகரம்". அக்டோபரில் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டிசம்பர், ஜனவரி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொழுது. அந்த மாதங்களில் சூரியன் ஏழரை மணிவாக்கில் எழுந்து ஐந்துக்கெல்லாம் மறைந்துவிடும். அப்புறம் காற்று. பகலில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் எட்டு வரையும் போகும். அதைக்கூட ஆடைமேல் ஆடை போட்டுச் சமாளித்துவிடலாம். சைபீரியப் பக்கமிருந்து கிளம்பி வரும் வடமேற்குக் காற்றுதான் ஆளை அடிக்கும். அது வீசிய மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். அது நின்றுபோனால் புகைமூட்டம் எட்டிப் பார்க்கும். நல்ல படம் வேண்டுமென்றால் காற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பனியா? பெய்ஜிங்கின் குளிர்காலம் வறண்டது. கூரையெல்லாம் வெண்பனி மூடிய அரண்மனைப் படங்களை நம்பிப் போனால் பெரும்பாலும் காய்ந்த புல்லைத்தான் பார்ப்பீர்கள்.

பெருஞ்சுவரை இந்த அலசலில் சேர்க்கவில்லை. அது ஊருக்கு வெளியே. போய்வரவே பகல் சரியாகிவிடும்.

தடை நகரம்

மிங் வம்சத்து யொங்லெ பேரரசர் 1406-ல் ஆரம்பித்து 1420-ல் முடித்த அரண்மனை வளாகம். மிங், சிங் என இரண்டு வம்சங்களின் 24 பேரரசர்கள் இருந்து ஆண்ட இடம். 72 ஹெக்டேர் பரப்பு, ஏறத்தாழ 980 கட்டடங்கள், 1925-லிருந்து அருங்காட்சியகம். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். குளிரில் போகிறவருக்குத் தேவையான விஷயம் வேறு. உள்ளே நுழையத் தெற்கு வாசல் ஒன்றுதான். வெளியே வருவது வடக்கிலோ கிழக்கிலோ. அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தை வடக்கு நோக்கியே நடக்கிறீர்கள்; காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. முதல் மூன்று பெரிய மண்டபங்களின் முற்றங்களில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. மண்டபத்துக்குள்ளும் விடமாட்டார்கள். வாசற்படிக்கு வெளியே நின்று, இருட்டுக்குள் இருக்கும் சிம்மாசனத்தை எக்கிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

ஆனால் நியாயமாகப் பேசினால், குளிரில் போனால்தான் புரிகிற சில விஷயங்களும் அங்கே உண்டு. முற்றங்களில் ஆங்காங்கே பெரிய பெரிய அண்டாக்கள், தாமிரத்திலும் இரும்பிலும். எல்லாம் மரக் கட்டடம் என்பதால் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். அந்தத் தண்ணீரே உறைந்து கல்லாகிவிட்டால்? அதனால் குளிர் தொடங்கியதும் அண்டாவுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறை போட்டு, மேலே மூடி போட்டு, கடுங்குளிரில் அடியில் கரி மூட்டிக் காத்தார்கள். கோடைப் பயணிகள் இந்த அண்டாக்கள்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பொன்முலாம் பூசிய சிலவற்றில் சுரண்டிய கீறல்கள் தெரியும். 1900-ல் ஊருக்குள் புகுந்த எட்டு நாட்டுப் படைகளின் கைவரிசை என்கிறார்கள்.

இன்னொன்று, பாவ்ஹெ மண்டபத்தின் பின்புறப் படிகளுக்கு நடுவே சாய்வாகக் கிடக்கும் டிராகன் சிற்பம். ஒரே கல், 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை. இந்த மாதிரிக் கற்களைக் கொண்டுவரக் குளிர்காலம் வரும்வரை காத்திருந்தார்கள். வழி நெடுகக் கிணறு தோண்டி, தண்ணீர் இறைத்து ஊற்றிப் பாதையையே பனிக்கட்டியாக்கி, சறுக்கு வண்டியில் வைத்து ஆட்களை விட்டு இழுத்தார்கள். 1557-ல் அரண்மனை வேலைக்கு வந்த 123 டன் கல் ஒன்று இப்படி 70 கிலோமீட்டரை 28 நாளில் கடந்ததற்குப் பதிவு இருக்கிறது. பல் கிட்டிக்கொண்டு அந்தச் சிற்பத்தின் முன் நின்றபோது, நான் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த குளிர்தான் இதற்கு வழி போட்டது என்பது உறைத்தது.

கட்டணம் நவம்பர் முதல் மார்ச் வரை 40 யுவான், மற்ற மாதங்களில் 60. பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அவசரமாகப் பார்த்தாலும் நாலு மணி நேரம் ஆகும். வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. 2 யுவான் கொடுத்து மேலே ஏறினால் மஞ்சள் கூரைகள் வரிசையாகக் காலடியில் கிடக்கும். மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644-ல் தூக்கு மாட்டிக்கொண்டது இந்தக் குன்றின் சரிவில்தான்.

சொர்க்கக் கோயில்

இதுவும் அதே யொங்லெ, அதே 1420. தடை நகரத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர். ஆனால் பரப்பு 273 ஹெக்டேர், ஏறக்குறைய நாலு மடங்கு. பெரும்பகுதி மரங்கள்தான். நூறாண்டு தாண்டிய மரங்கள் மட்டும் 3,500-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை குளிரிலும் பச்சையாக நிற்கும் சைப்ரஸ் வகை. நாலு பக்கமும் காற்றை உடைத்துவிடுகின்றன. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. மூன்று இடங்களில் குளிர்காலச் சடங்குக்கென்றே மேடை கட்டி வைத்திருப்பது இது ஒன்றுதான். ஆண்டின் மிகச் சிறிய பகல் டிசம்பர் 21 அல்லது 22; நம் கணக்கில் மார்கழி பிறந்து ஒரு வாரத்துக்குள். அன்று விடிவதற்கு முன் பேரரசர் தன் கையாலேயே வானத்துக்குப் பலி கொடுக்க வேண்டும். கோடை முழுவதும் ஊருக்கு வெளியே தோட்ட மாளிகைகளில் காலம் தள்ளிய சிங் பேரரசர்கள்கூட இதற்காகத் தலைநகருக்குள் திரும்பிவிடுவார்கள். முதல் நாள் பரிவாரத்தோடு வந்து வளாகத்துக்குள் இருக்கும் நோன்பு மாளிகையில் தங்கல். இறைச்சி கிடையாது, மது கிடையாது, பாட்டு கிடையாது. மறுநாள் இருட்டிலேயே மணி அடிக்கும், பேரரசர் கிளம்புவார்.

எங்கே கிளம்புவார் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். அஞ்சலட்டைகளில் வருகிற, நீல ஓடு வேய்ந்த மூன்றடுக்கு வட்ட மண்டபத்துக்கு அல்ல. அது ஆண்டுத் தொடக்கத்தில் நல்ல விளைச்சல் கேட்டு வேண்டிக்கொள்வதற்கான இடம். அழகுதான், குறை சொல்லவில்லை. 38 மீட்டர் உயரம், உள்ளே 28 தூண்கள். நடுவில் நாலு பருவங்களுக்கு நாலு, சுற்றிலும் மாதங்களுக்கு 12, அதற்கு வெளியே ஒரு நாளின் பொழுதுகளுக்கு 12. 1889-ல் இடி விழுந்து எரிந்து, மறுபடி கட்டியது. குளிர்காலச் சடங்கு நடந்தது தெற்கே இருக்கும் வட்ட மேடையில். 1530-ல் கட்டி, 1749-ல் பெரிதாக்கிய மூன்றடுக்குப் பளிங்கு மேடை. சுவர் இல்லை, கூரை இல்லை. வானத்தைக் கும்பிடக் கூரை எதற்கு?

அந்த மேடையை நின்று பார்க்க வேண்டும். மேல் தளத்தின் நடுவில் ஒரு வட்டக் கல். அதைச் சுற்றி முதல் வளையத்தில் 9 கற்கள், அடுத்ததில் 18, அதற்கடுத்து 27 என்று ஒன்பதாவது வளையத்தில் 81. கீழ்த்தளங்களிலும் அதே ஒன்பதின் பெருக்கம் தொடரும். நடுக்கல்லில் நின்று பேசினால் மேடை விளிம்பின் பளிங்குக் கைப்பிடிகளில் பட்டுத் திரும்பும் நம் குரல் நமக்கே கனமாகக் கேட்கும். கோடையில் அந்தக் கல்லில் ஏற வரிசை நிற்கும். நான் போன ஜனவரிக் காலையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா மட்டும் இருந்தார். கல்லில் ஏறி, முகக்கவசத்தை இறக்கி, மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பிறகு நான் ஏறினேன். ஷூ அடியைத் தாண்டிப் பளிங்கின் சில்லிப்பு பாதத்துக்கு ஏற அரை நிமிடம் ஆகவில்லை. பட்டு உடுத்தி, அரைப் பட்டினியோடு, இதே கல்லில் விடியும் முன் மண்டியிட்டு எழுந்தவர்களை நினைத்துக்கொண்டேன். கடைசியாக இங்கே சடங்கு செய்தவர் பேரரசர்கூட இல்லை. குடியரசுத் தலைவராக இருந்து முடிசூட ஆசைப்பட்ட யுவான் ஷிகாய். 1914 டிசம்பரில்.

இன்னொரு வகையிலும் இந்த இடம் உயிரோடு இருக்கிறது. கிழக்கு வாசலிலிருந்து போகும் நீண்ட தாழ்வாரத்தில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம், மைனஸ் ஐந்திலும். விரல் நுனி வெட்டிய கையுறையோடு சீட்டாட்டம், பக்கத்தில் பிளாஸ்க்கில் தேநீர். சின்ன இறகுப் பந்தைக் காலாலேயே தட்டித் தட்டி மாற்றும் பாட்டிகள். ஒரு பெரியவர் நீளக் கைப்பிடித் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். கோடையில் காய்ந்து மறைந்துவிடும் எழுத்து அன்று உறைந்து கண்ணாடிப் பூச்சாக நின்றது. அதில் வழுக்காமல் பின்னால் நகர்வதே அவருக்குத் தனிப் பயிற்சியாக இருந்தது.

குறை என்ன என்றால், முக்கியமான கட்டடங்கள் நாலைந்துதான். சிம்மாசனம், அந்தப்புரம் எல்லாம் வேண்டும் என்கிறவருக்கு இரண்டரை மணி நேரத்தில் போதும் என்றாகிவிடும். எல்லாம் சேர்த்த டிக்கெட் குளிர்காலத்தில் 28 யுவான்.

கோடை அரண்மனை

பெயரைக் கேட்டதும் குளிரில் அங்கே என்ன வேலை என்று தோன்றும். பாதி நியாயம். நகர மையத்திலிருந்து வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர். 290 ஹெக்டேரில் முக்கால்வாசி தண்ணீர். 1750-ல் சியன்லொங் பேரரசர் தாயாரின் பிறந்தநாளுக்காக எழுப்பியதை 1860-ல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் எரித்தன. பேரரசித் தாய் சீஷி மறுபடி கட்டி, 1888-ல் இப்போதைய சீனப் பெயரான யிஹெயுவானைச் சூட்டினார். குளிர்காலத்தில் தாமரைக் குளங்களில் காய்ந்த தண்டுதான் மிச்சம், படகு ஓடாது. 728 மீட்டர் நீளத் தாழ்வாரம் உண்டு. உத்திரத்துக்கு உத்திரம் ஓவியம். ஆனால் இரண்டு பக்கமும் திறப்பு என்பதால் ஒதுங்க உதவாது. உறைந்த ஏரியைத் தடவிக்கொண்டு வரும் காற்று மற்ற இரண்டு இடத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். குன்மிங் ஏரி நன்றாக உறைந்துவிட்டால் ஒரு பகுதியில் சறுக்கு விளையாட்டு திறக்கும். சறுக்கத் தெரியாதவருக்கு அடியில் இரும்புப் பட்டை வைத்த நாற்காலி கிடைக்கும். இரண்டு கையிலும் கூர்முனைக் கம்பி. குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது எனக்கு.

இரண்டாவது, பதினேழு வளைவுப் பாலம். 150 மீட்டர் நீளத்தில் கிழக்குக் கரையைத் தீவோடு இணைக்கும் பாலம். ஆண்டின் மிகச் சிறிய பகலை ஒட்டிய சில வாரங்கள் மட்டும், வானம் தெளிவாக இருந்தால், மாலைச் சூரியன் தென்மேற்கில் தாழ்ந்து இறங்கும்போது பதினேழு வளைவுகளின் உட்புறமும் ஒரே நேரத்தில் பொன்னாக எரியும். கோடையில் என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. மூன்றரை மணிக்கே கேமரா முக்காலிகள் இரண்டு வரிசைக்கு நட்டுவிடுவார்கள். எனக்கு முன்னிடம் கிடைக்கவில்லை. யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே போனை நீட்டினேன். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி அப்படியே அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி இப்படித்தான் காலை வாரும். அங்கே போன் போனால் பணமும் போன மாதிரி, எல்லாமே கியூஆர் கோடு. கையில் ரொக்கம் இல்லாமல், சட்டைக்குள் போனை வைத்துச் சூடேற்றிக்கொண்டு, சுடச்சுடச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்கிற வண்டியைப் பார்த்தபடி நின்ற கால் மணி நேரத்தை மறக்க முடியாது. போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். நூறு யுவானாவது தாளாக இருக்கட்டும்.

நுழைவு 20 யுவான். பாலத்துக்கு மட்டும் என்றால் பிரதான கிழக்கு வாசல் வேண்டாம். தென்கிழக்கில் இருக்கும் சின்ஜியான்கொங்மென் வாசல் பக்கம்.

சரி, எது?

முதல்முறை போகிறீர்கள், இன்னொரு முறை வர வாய்ப்பில்லை என்றால் தடை நகரம்தான். காற்றில்லாத நாளாகப் பாருங்கள். எட்டரைக்குத் திறந்தவுடன் நுழைந்து, மதியம் ஜிங்ஷானில் முடித்துவிட்டு, அருகிலுள்ள சந்துகளில் தாமிரச் சட்டியில் கொதிக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பின் முன் உட்கார்ந்துவிடலாம். சைவக்காரர்கள் அதே மாதிரிச் சட்டியில் முட்டைக்கோஸும் டோஃபுவும் காளானும் வேக வைத்துச் சாப்பிடலாம். ஆனால் சட்டியில் ஊற்றும் சாறு எதில் செய்தது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வயதான பெற்றோரோ குழந்தையோ கூட இருந்தால் சொர்க்கக் கோயில். நடை குறைவு, மர மறைவு உண்டு, வேடிக்கை பார்க்க ஆட்களும் உண்டு. குழந்தைக்குக் குச்சியில் கோத்த சர்க்கரைப் பாகுப் பழம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மேலே கண்ணாடி மாதிரிப் பாகு, உள்ளே இலந்தை மாதிரிப் புளிப்பு. குளிரில்தான் அந்தப் பாகு பிசுபிசுக்காமல் கடிக்கையில் நொறுங்கும்.

என் தேர்வு ஒரு கலப்படம். காலை எட்டுக்குச் சொர்க்கக் கோயில், முதலில் வட்ட மேடை, பதினொன்றுக்குள் வெளியே. பிறகு மெட்ரோ, பெட்டிக்குள் கதகதப்பாக இருக்கும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பயணத்தில் ஒரு தூக்கம் போடலாம். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கோடை அரண்மனை, மூன்றே காலுக்குள் பாலத்துக்கு எதிர்க்கரையில் ஒரு இடம். மேகம் போட்டிருந்தால் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுங்கள், வெளிச்சம் வராது. வந்த நாள் திங்கட்கிழமை என்றால் தடை நகரம் எப்படியும் விடுமுறை.