பிஎச்பியில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்: பிடிஓவா, மைஎஸ்க்யூஎல்ஐயா?

மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் பிஎச்பி 7.0 வந்தபோதே நீக்கப்பட்டுவிட்டன. இன்றும் அவற்றைச் சொல்லித்தரும் டுடோரியல் கண்ணில் பட்டால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸோடு பேச மிச்சம் இருப்பவர்கள் இருவர்: மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டுமான மைஎஸ்க்யூஎல்ஐ, பல டேட்டாபேஸ்களுக்கும் பொதுவான பிடிஓ. இரண்டுக்கும் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஒரே மைஎஸ்க்யூஎல்என்டி டிரைவர்தான். அதனால் எது வேகம் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

பிடிஓவுக்கு ஆதரவாக எல்லோரும் முதலில் சொல்வது, நாளைக்கு டேட்டாபேஸை மாற்றிக்கொள்ளலாம் என்பது. பாதிதான் உண்மை. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எல்லாவற்றுக்கும் அதில் டிரைவர் உண்டு. ஆனால் நீங்கள் எழுதிய க்வெரியை அது திருத்தி எழுதாது. ஆட்டோ இன்கிரிமெண்ட், பேக்டிக், தேதி ஃபங்ஷன்கள் என்று மைஎஸ்க்யூஎல் வாடை அடிக்கும் ஒவ்வொரு வரியையும் நீங்கள்தான் மாற்றவேண்டும். டெஸ்ட் எழுதும்போது மெமரியில் ஒரு எஸ்க்யூலைட்டைத் திறந்துகொள்ளலாம் என்பது உருப்படியான லாபம்.

எழுதும் சுகத்தில் பல வருடம் பிடிஓதான் முன்னே நின்றது. க்வெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் பெயர் வைத்த பிளேஸ்ஹோல்டர், ஒரே அர்ரேயில் எல்லா மதிப்பும், முடிந்தது கதை. மைஎஸ்க்யூஎல்ஐயில் பைண்ட் செய்ய 'எஸ்எஸ்ஐ' என்று வகை எழுத்துகளை எண்ணி எண்ணிப் போடவேண்டும். பிஎச்பி 8.1இல் எக்ஸிக்யூட்டுக்கே அர்ரே கொடுக்கலாம் என்று வந்தது. 8.2இல் க்வெரி, மதிப்புகள் இரண்டையும் ஒரே அழைப்பில் முடிக்கும் எக்ஸிக்யூட் க்வெரியும் வந்துவிட்டது. பழைய புகார்களில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று.

எர்ரர் விஷயத்திலும் அப்படியே. முன்பெல்லாம் இரண்டுமே வாயைத் திறக்காது. மைஎஸ்க்யூஎல்ஐயில் டேபிள் பெயரில் ஒரு எழுத்து தப்பினால், க்வெரியைத் தயார்செய்யும் பிரிபேர் ஃபால்ஸைத் திருப்பித் தரும். அடுத்த வரியில் 'கால் டு எ மெம்பர் ஃபங்ஷன் ஆன் பூல்' என்று சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும். பிடிஓ 8.0இலிருந்தும் மைஎஸ்க்யூஎல்ஐ 8.1இலிருந்தும் தாமாகவே எக்ஸப்ஷன் வீசுகின்றன. ஹோஸ்டிங்கில் இன்னும் 7.4 ஓடுகிறது என்றால் எக்ஸப்ஷன் வீசும் அந்த மோடை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிஓவில் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல்லோடு சேரும்போது அதன் பிரிபேர்டு ஸ்டேட்மெண்ட் (க்வெரி முதலில், மதிப்புகள் பிறகு என்று தனித்தனியே சர்வருக்கு அனுப்பும் முறை) இயல்பில் ஒரு பாவனைதான். மதிப்புகளைத் தானே எஸ்கேப் செய்து, மேற்கோள்குறி போட்டு, முழு க்வெரியாக அனுப்புகிறது. எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டுக்கு அர்ரே வழியாக 10 கொடுத்துப் பாருங்கள்: அது மேற்கோள்குறிக்குள் '10' என்று போய் 1064 சின்டாக்ஸ் எர்ரரோடு திரும்பும். இந்தப் பாவனைக்கான எமுலேட் பிரிபேர்ஸ் அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும். அணைத்தபின் ஒரே பெயருள்ள பிளேஸ்ஹோல்டரை ஒரு க்வெரியில் இரண்டு முறை எழுத முடியாது. பிரிபேருக்கு ஒன்று, எக்ஸிக்யூட்டுக்கு ஒன்று என்று சர்வருக்கு இரண்டு நடை ஆகும். ஆனாலும் நான் அணைத்துவிடுவேன்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இதையெல்லாம்விட முக்கியம், எழுத்துகளை பைட்டாக்கும் முறையான கேரக்டர் செட். கனெக்‌ஷன் லேட்டின்1இல் திறந்திருந்தால், தமிழ் எழுத்தின் மூன்று பைட்டையும் சர்வர் மூன்று தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாக வருமே, அந்தக் குப்பை இப்படிப் பிறந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அதே தப்பான கனெக்‌ஷன் வழியாகவே படித்தால் தளத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். பிஎச்பிமைஅட்மினில் திறந்து பார்க்கும் அன்றுதான் குட்டு உடையும். 'அம்மா' என்ற சொல்லுக்கு யூனிகோடில் ஐந்து குறிகள். டேபிளில் அது பதினைந்து எழுத்தாக உட்கார்ந்திருக்கும். வார்கேர் 100 (நூறு எழுத்து வரம்பு) என்று வைத்த தலைப்பு மூன்றில் ஒரு பங்கிலேயே நிரம்பிவிடும்.

பழைய யுடிஎஃப்8 என்பதும் போதாது. மைஎஸ்க்யூஎல்லில் அது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதற்குள் அடங்குவதால் யாருக்கும் சந்தேகம் வராது. வாசகர் ஒருவர் எமோஜி போட்டதும் 1366 எர்ரர் வரும். யுடிஎஃப்8எம்பி4 என்றே கொடுங்கள். பிடிஓவில் இது கனெக்‌ஷன் வரிக்குள்ளேயே எழுதப்படுவதால் மறப்பது கடினம். மைஎஸ்க்யூஎல்ஐயில் கனெக்ட் ஆனபின் செட் கேர்செட் என்று தனி வரி. மறந்துபோவது இந்த வரிதான்.

ரிக்வெஸ்ட் முடிந்தபின்னும் மூடாமல் வைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் கனெக்‌ஷன் வேண்டுமென்றால் மட்டும் தராசு மறுபக்கம் சாயும். மைஎஸ்க்யூஎல்ஐ பழைய கனெக்‌ஷனை மறுபடி கையில் தருவதற்கு முன் தற்காலிக டேபிள், லாக், செஷன் வேரியபிள் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. பிடிஓ அவ்வளவு மெனக்கெடுவதில்லை. முந்தைய ரிக்வெஸ்ட் மாற்றிவிட்டுப் போன டைம்சோன் அடுத்தவர் தலையில் விடியும். எதில் திறந்தாலும் கணக்கு ஒன்றே: மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 கனெக்‌ஷன். பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் வொர்க்கர் 200 வைத்து ஒவ்வொன்றும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' வரத்தான் செய்யும். சாதாரணத் தளத்துக்கு இந்த வசதியே தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் பிடிஓ. லாராவெல் ஃப்ரேம்வொர்க் பக்கம் போனாலும் உள்ளே இருப்பது அதுதான். பல க்வெரிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு வந்ததை வந்தபடி எடுக்கவேண்டும் என்றால் மைஎஸ்க்யூஎல்ஐ. இந்த அசிங்க் வசதி அதில் மட்டுமே உண்டு. வேர்ட்பிரஸ் பிளகின் எழுதுபவர்கள் இரண்டையும் நேரடியாகத் தொடவேண்டாம். அங்கே மைஎஸ்க்யூஎல்ஐயை வேர்ட்பிரஸின் சொந்த டேட்டாபேஸ் கிளாஸான டபிள்யூபிடிபி ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. இன்னொரு கனெக்‌ஷன் திறப்பது தண்டம். டபிள்யூபிடிபியின் பிரிபேரும் சர்வருக்குப் போகும் பிரிபேர் அல்ல, எஸ்கேப் செய்து ஒட்டுவதுதான். டேபிள் பெயரையும் ஆர்டர் பையில் வரும் நெடுவரிசைப் பெயரையும் பயனர் கொடுத்தபடியே உள்ளே விடாதீர்கள்.