பழைய ரிவால்வர் ரிப்பேர் என்று வீட்டுக்கு வருபவனை நம்பாதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி தூங்கவே இல்லை, அதே கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். வசூல் பணத்தோடு ராத்திரியில் வரவேண்டியிருந்ததால் லைசென்ஸ் எடுத்து ஒரு .32 ரிவால்வர் வாங்கினார், கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. அவர் போன பிறகு வாரிசு என்ற முறையில் வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸை என் பேருக்கு மாற்றினேன். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்து, குண்டு இல்லாமல் துடைக்கும்போதுதான் பார்த்தேன், சிலிண்டர் முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றது. சிலிண்டரில் குண்டு போடும் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காவிட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும், கையில் பிடித்திருப்பவனுக்கே ஆபத்து.

லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் கேட்டால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை, அங்கேதான் சனி பிடித்தது. பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் 'பழைய துப்பாக்கி சர்வீஸ், வீட்டுக்கே வருவோம்' என்று விளம்பரம். கூப்பிட்டேன், மறுநாளே கொளத்தூருக்கு வந்துவிட்டான்.

ஐம்பது வயசிருக்கும், விபூதி, இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பா படத்துக்குப் போய்க் கும்பிட்டான். "ஐயா கைபட்ட பொருள் சார், இதை நான் ரிப்பேரா பார்க்க மாட்டேன், சேவையா பார்ப்பேன்" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, காபி சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். அந்த ஒரு கும்பிடுக்குத்தான் நான் 18,500 ரூபாய் கொடுத்தேன், வேறொன்றுக்கும் இல்லை.

மேஜைமேல் பிரித்து வைத்து, லேத்துக்காரருக்குக் காட்டணும் என்று போனில் படம் எடுத்தான். சிலிண்டரையும் அதைத் திருப்பிவிடும் சின்னக் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் அம்மாவின் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, அம்பத்தூரில் வேலை முடித்து நாலு நாளில் தருகிறேன் என்றான். பணம் முழுவதும் முன்கூட்டியே, போனிலேயே அனுப்பினேன். ரசீது? கேட்க வாய் வரவில்லை, அப்பா படத்தைக் கும்பிட்டவனாச்சே.

அப்புறம் ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்கு லேத் லீவு சார். மழை, பட்டறையில் தண்ணீர் சார். லேத்துக்காரர் மாமியார் காரியம் சார். "18,500 ரூபாய் என்னப்பா ஆச்சு?" என்றால், "சார், என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று அவனுக்குத்தான் கோபம் வருகிறது. போன வெள்ளியிலிருந்து என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். ஆப்காரர்களிடம் புகார் செய்தால், பயனர்களுக்குள் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு வரி.

அவன் தைரியத்துக்குக் காரணம் இதுதான். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும், கழற்றிய பாகமும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். ஆக, அவனிடம் கொடுத்ததே என் தப்பு. பயந்துகொண்டு நான் போலீசுக்குப் போகமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நான் பதினோரு நாள் பயந்தும் இருந்தேன்.

நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் முதலில் என் லைசென்ஸைத்தான் வாங்கி வைத்தார், அப்புறம் ஒரு மணி நேரம் திட்டு. வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையது. பணத்துக்காக 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் போன் செய்து பதிந்திருக்கிறேன்.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. லைசென்ஸ் உள்ள கடையைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள், இரண்டு மாதமானாலும் சரி. கடையின் லைசென்ஸைக் கேட்டுப் பாருங்கள், ரசீதில் துப்பாக்கி எண்ணை எழுதச் சொல்லுங்கள். வீடியோ பார்த்து நீங்களே பிரிக்கவும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள், என்னைப் போல நாளைக் கடத்தாதீர்கள்.

அம்மா 18,500 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சம்படத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்று காலை அதே ஆப்பில் புது விளம்பரம், வேறு பெயர், வேறு நம்பர். படத்தில் பிரித்து வைத்த ரிவால்வர், அதன் கீழே எங்கள் வீட்டு மேஜை விரிப்பு, காபிக் கறையோடு.