லாஸ்ட்.எஃப்எம்: பாட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் காதில் பாட்டுதான். எதை எத்தனை முறை கேட்டேன் என்று லாஸ்ட்.எஃப்எம் என்ற இணையதளம் தானாகவே குறித்துக்கொள்கிறது. 30 விநாடிக்கு மேல் நீளமுள்ள பாட்டு பாதியோ 4 நிமிடமோ, எது முந்துகிறதோ அதுவரை ஓடினால்தான் கணக்கில் ஏறும். வழியில் ரெட்டிச்சாவடி வருவதற்குள் நான் தள்ளிவிடுகிற பாட்டெல்லாம் சேராது. நியாயம்தான்!

தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்குத்தான் ஒரு தலைவலி. இளையராஜா பெயர் ஒரு கோப்பில் தமிழில் இருக்கும், இன்னொன்றில் ஆங்கிலத்தில். மூன்றாவதில் அவர் இடத்தில் பாடகர் உட்கார்ந்திருப்பார். கணக்கு மூன்றாகப் பிரிந்துவிடும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருளில் பெயர்களை ஒழுங்குபடுத்திவிட்டு அப்புறம் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் கேசட், இசைத்தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் என்ற இசை வெளியீட்டுப் பட்டியல் தளம் சரி. உறையில் அச்சிட்ட எண்ணைப் போட்டே தேடலாம்.