ஹாரி பாட்டர் ஆறாம் பாகம்: பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு

ஹாரி பாட்டர் படங்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும் நண்பர் ஒருவர், ஐந்தை முடித்துவிட்டு "ஆறு எப்படி?" என்று கேட்டார். 2009-ல் வந்த 'ஹாஃப் பிளட் பிரின்ஸ்' படத்தைத் தியேட்டர், டிவிடி, லேப்டாப் என்று எல்லாவற்றிலும் பார்த்தாயிற்று. அதனால் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

இருட்டாக இருக்கிறது என்று பலரும் குறை சொல்வார்கள். இந்த வரிசையின் எட்டுப் படங்களில் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது ப்ரூனோ டெல்போனெல் எடுத்த இந்த ஒன்றுக்குத்தான். இரவில் விளக்கை அணைத்து, டிவியை சினிமா மோடில் வைத்துப் பாருங்கள், அந்தக் குறை போய்விடும்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. நாவலில் இல்லவே இல்லாத ஒரு காட்சியைச் சேர்த்து ஹாரியின் நண்பன் ரானின் குடும்பமான வீஸ்லிகளின் வீட்டைக் கொளுத்துகிறார்கள். அடுத்த படத்தில் அதே வீடு முழுசாக நிற்கிறது, கல்யாணமும் அங்கேதான் நடக்கிறது! எரிந்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சரி, அதைக்கூட விடலாம். வில்லன் வோல்டமோர்ட்டின் அம்மா வீட்டுக் கதை, ஹஃபில்பஃப் கோப்பையும் ஸ்லிதரின் லாக்கெட்டும் அவன் கைக்கு வந்த விதம் என்று தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் ஹாரிக்குக் காட்டும் பழைய நினைவுகள்தான் நாவலுக்கே உயிர். படத்தில் அவன் வளர்ந்த அநாதை இல்லம், அவனுடைய ஆசிரியர் ஸ்லக்ஹார்னின் நினைவு, அவ்வளவுதான். இரண்டரை மணி நேரப் படத்தில் இதற்கா இடமில்லை? கடைசி இரண்டு படங்களில் வோல்டமோர்ட் தன் ஆன்மாவைத் துண்டாக்கி ஒளித்துவைத்த ஹார்க்ரக்ஸ் பொருட்களைத் தேடி அலையும்போது, ஏன் குறிப்பாக அந்தப் பொருட்கள் என்று நாவல் படிக்காதவருக்கு எப்படிப் புரியும்?

இதையெல்லாம் மீறி என்னைத் திரும்ப இழுப்பது ஒரு மீன். ஹாரியின் நண்பர் ஹாக்ரிட்டின் குடிசையில், போதையில், ஸ்லக்ஹார்ன் பேசுகிறார். அவர் மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போன கிண்ணம், கொஞ்சம் தண்ணீர், மேலே ஒரு பூவிதழ். இதழ் மெல்ல மூழ்கி, அடியைத் தொடும் முன் குட்டி மீனாகிறது. கொடுத்தவள் ஹாரியின் அம்மா லில்லி. பிறகு ஒருநாள் கிண்ணம் காலியாக இருக்கிறது. அவள் இறந்த நாள் அது. மந்திரம் எதையும் திரையில் காட்டாமல், ஸ்லக்ஹார்னாக நடித்த ஜிம் பிராட்பென்ட் தொண்டை அடைக்கச் சொல்கிறார், நமக்கு எல்லாம் தெரிகிறது. இதுவும் நாவலில் கிடையாது. வீட்டைக் கொளுத்திய அதே கைகள்தான் இதையும் எழுதியிருக்கின்றன என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பரிடம் "முதலில் நாவலைப் படியுங்கள், படம் அப்புறம்" என்று சொல்லிவிட்டேன். எட்டில் நான் அதிகம் பார்த்த படம் இது. ஆனாலும் இன்றைக்கு இருக்கும் கோபத்தில் பரிந்துரைக்க முடியாது.