சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்க்காமல் பழைய சொகுசு வண்டி வாங்காதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கம் யாராவது செகண்ட் ஹேண்டில் ஜெர்மன் எஸ்யூவி பார்த்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2024 ஆவணியில் பதின்மூன்றரை லட்சத்துக்கு ஒன்று வாங்கினேன். 2016 மாடல், டீசல், சென்னைப் பதிவு. புதிதில் 60 லட்சத்துக்கு மேல் போன வண்டி. "டாக்டர் வெச்சிருந்ததுண்ணே. சிங்கிள் ஓனர். 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார் விற்றவர். கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை தூக்கியது. அக்கா மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. தஞ்சாவூர் பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் வாசலுக்கு வந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. முன்பக்க இடது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழும்பியது. மறுநாளும் அதே கதை. இந்த வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கிறது. பை விரிசல் விட்டுக் காற்று கசிந்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஓடி ஓடி அதுவும் தீய்ந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆனது. டெல்டாவில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போன வாடகை மட்டும் 9,000. முன்பக்கம் இரண்டு பை, ஒரு கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து அங்கே கொடுத்த எஸ்டிமேட் 3,80,000.

பலர் இந்த இடத்தில்தான் கணக்கை விடுகிறோம். வண்டியின் விலை எட்டு வருஷத்தில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது, உதிரி பாகத்தின் விலை அப்படி இறங்குவதில்லை. 60 லட்சம் வண்டிக்கு என்ன விலையோ, 13 லட்சம் வண்டிக்கும் அதே விலைதான். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்காவது ரிப்பேருக்கென்று தனியாகக் கையில் இல்லை என்றால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்பது என் கருத்து.

அதைக்கூட விதி என்று விட்டிருப்பேன். செலவு குறையுமா என்று கேட்கத்தான் கும்பகோணத்தில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக மெக்கானிக். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, "தம்பி, இந்தப் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க" என்றார். இழுத்தேன். அன்றாடம் வெளியே வருகிற பகுதி பளிச்சென்று கறுப்பாக இருந்தது. உள்ளேயே சுருண்டு கிடக்கிற கடைசி ஒன்றரை அடியில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எல்லாம் பழுப்பு நிறம். நகத்தால் சுரண்டினால் மண் பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன், காய்ந்த சேற்று வாடை. வருஷம் முழுக்க வயலில் நிற்கிறவன் நான், அந்த வாடை எனக்குத் தெரியாததில்லை. இத்தனை நாளாக சென்ட் அதை மூடி வைத்திருந்தது.

முன் சீட்டைக் கழற்றினோம். போல்ட்டெல்லாம் துரு. கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த கன்ட்ரோல் யூனிட்டின் (வண்டியின் எலக்ட்ரானிக்ஸை இயக்கும் பெட்டி) உலோக முனைகளில், புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடம் மாதிரி களிம்பு ஏறியிருந்தது. "சீட் உயரத்துக்குத் தண்ணி நின்ன வண்டி தம்பி. இன்னிக்கு சஸ்பென்ஷன், நாளைக்கு எது நிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்தேன். 2024 பிப்ரவரியில் புதுப்பித்தது. நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்ற இடத்தில் 0. ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் அந்த இடத்தில் 50 சதவீதம் இருக்கவேண்டும். ஒரே ஓனர் எட்டு வருஷம் வைத்திருந்த வண்டியில் சைபர் என்றால், பாலிசி விட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை அதற்கு முந்தின வருஷம் கிளைம் வாங்கியிருக்க வேண்டும். 2023 டிசம்பரில்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. வாங்கிய அன்றே அந்தக் காகிதம் என் கையில் இருந்தது. செல்லுபடியாகிற தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். திருச்சியில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. 2023 ஆகஸ்டிலேயே வண்டி 1,18,000 ஓடியிருக்கிறது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். முதல் நாள், "பாத்துக்கலாம்ண்ணே." மூன்றாம் நாள், "நீங்கதானே ஓட்டிப் பாத்து எடுத்தீங்க?" டெலிவரி நோட்டில் 'ஓட்டிப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஓனர் பெயர் மாற்றும் பாரம் 29, 30 இரண்டும் பழைய ஓனரிடமிருந்து நேராக என் பெயருக்கு எழுதியவை. நடுவில் லாபம் பார்த்தவரின் பெயர் எதிலும் இல்லை. நல்ல வேளை, பணத்தை அவர் கணக்குக்கு பேங்க் வழியாக அனுப்பியிருந்தேன், வாட்ஸ்அப்பில் '62,000, வாட்டர் டேமேஜ் இல்லை' என்று அவர் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் ஊருக்கு அலையவேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்கப்போகிறவர்கள் எதைப் பேசினாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

வண்டி இப்போது நெல் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் ஒரு புரோக்கர் வந்து 9 லட்சத்துக்குக் கேட்டார். "பெல்ட்டை மாத்திட்டா யாருக்குண்ணே தெரியும்?" என்றார். நான் கொடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதிலிருந்து ஒன்று புரிந்தது: பெல்ட் சுத்தமாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. பெல்ட்டின் அடிமுனையில் ஒரு லேபிள் தைத்திருப்பார்கள், தயாரித்த தேதி அதில் இருக்கும். 2016 வண்டியில் 2024 பெல்ட் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். லேபிளையே காணோம் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.