போதையில் சிக்கிய பிள்ளையை எங்கே கூட்டிப்போவது? தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

பையன் குடியிலோ கஞ்சாவிலோ சிக்கிவிட்டான் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றன. சிலர் இனிக் குடிக்கமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுகிறார்கள், சிலர் கடன் வாங்கித் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு, பெங்களூரு பஸ் ஏறி மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போகிறவர்களும் உண்டு. போன் செய்து பேசலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டால் மறுநாள் அடுப்பெரியாத வீட்டுக்கு இவற்றில் எது உதவும் என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்.

கயிறு கட்டுவதை நான் பழிக்கமாட்டேன். கூட்டாளிகள் கூப்பிடும்போது "கயிறு கட்டியிருக்கேன்டா" என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை. எப்போதாவது குடிக்கிற பையனுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தே தீரவேண்டிய நிலையில் இருப்பவன் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் நடுக்கமும் வியர்வையும் முற்றி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், பகல் இரவு புரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பையன் மணிக்கட்டில் கட்டிய கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. வெறும் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தான். "சாமி வந்திருக்குதுங்கண்ணா" என்றார் அவன் அம்மா. "சாமி இல்லீங்கக்கா, குடியத் திடீர்னு நிறுத்துனதால உடம்பு இப்படிப் பண்ணுது. மொதல்ல 108க்குப் போடுங்க" என்றேன். கயிறு கட்டுங்கள், ஆனால் அதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, சில நாளில் பாதுகாப்பாக நிறுத்தவைக்க டாக்டர்களால் முடியும்.

அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று விற்கிற மருந்துகள் பக்கமே போகாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத் தின்றவன் அது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு வந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அவனுக்குச் சொல்லி, டாக்டர் பார்வையில் கொடுக்கவேண்டிய மருந்து அது.

தனியார் மையங்களில் நல்லதும் உண்டு. வீட்டையும் கூட்டாளிகளையும் விட்டுச் சில வாரம் தள்ளி இருப்பது சிலருக்கு உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் தாலியை அடகு வைத்துச் சேர்க்கும் வீட்டார், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூசவேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருளால் வரும் மனநலக் கோளாறுகளுக்கும் பொருந்தும். கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது, சங்கிலியால் கட்டக்கூடாது, சீருடை போடச்சொல்லி வற்புறுத்தக்கூடாது. 18 வயது நிரம்பாதவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக்கூடாது, பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ கூடவே தங்கவேண்டும். "பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசத்துக்குப் பார்க்க வராதீங்க" என்று ஒரு மையம் சொன்னால் பையனையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச்சொல்லுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார் என்றும் கேளுங்கள்.

காசில்லாத வீட்டுக்கு முதல் வாசல் அரசு மருத்துவமனைதான் என்பது என் முடிவு. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022 முதல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. நிறுத்தும்போது வலிப்பு வந்தால் கவனிக்க ஆளும் படுக்கையும் அங்கேதான் உண்டு. குடிக்குப் பின்னால் மனச்சோர்வோ வேறு நோயோ ஒளிந்திருந்தால் அதையும் அங்கேயே பார்க்கலாம். இளவயதுப் பிள்ளைகளிடம் இதை நிச்சயம் பார்த்தாகவேண்டும், ஏனென்றால் தூக்கம் வராததற்காகக் குடிக்கத் தொடங்கியவனிடம் குடியை மட்டும் நிறுத்தச்சொல்லிப் பயனில்லை. குறையும் இருக்கிறது. ஓ.பி. காலையில்தான். கூட்டத்தில் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச நேரம் கிடைப்பதில்லை. வரிசையில் பக்கத்து ஊர்க்காரர் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்திலேயே பெண்பிள்ளைகளைக் கூட்டிவராமல் விடுகிறார்கள்.

நிம்ஹான்ஸ், பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குத் தருமபுரியைவிட அதுவே பக்கம். போதை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு, செல்போன், கேமில் மூழ்கிய பிள்ளைகளுக்கும் ஒரு கிளினிக் உண்டு. சிக்கலான நோய்க்கு ஒருமுறை போய்க் காட்டிவருவது நல்லதுதான். ஆனால் மாதாமாதம் போகவேண்டியிருந்தால், அரூரிலிருந்து கிளம்புகிறவர் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார்.

போனில் பேச 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 உண்டு. வீட்டுப் படி தாண்ட முடியாத பெண்ணுக்கு, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் ஹாஸ்டல் பையனுக்கு, எல்லாவற்றையும்விட இதுவே முதலில் கைகொடுக்கும். வலிப்பு, நடுக்கத்துக்கு மட்டும் போன் போதாது.

எந்த வழியில் போனாலும் பிள்ளைகள் தவறுவது திரும்பி வந்த பிறகுதான். அதே தெரு, அதே கூட்டாளிகள், கர்நாடகத்திலிருந்து எல்லை தாண்டி வரும் அதே கூல் லிப் புகையிலைப் பொட்டலம். அப்போது வீடு தேடிவந்து விசாரிக்க ஆள் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகருக்கும் பிரஷருக்கும் ஊரிலேயே உள்ள பெண்கள் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் இயங்கும் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற தொண்டு நிறுவனம், அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து மருத்துவப் பணியாளர்களாக்கியது. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இது புதிய வேலை இல்லை. ஓ.பி.க்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை, ரகசியம் காக்கும் பயிற்சி கொடுத்து, அந்த ஊழியர்களிடம் ஒப்படைக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை ஓ.பி. திறக்கலாம். இந்த இரண்டையும் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கலாம்.